தண்ணீர் வந்த வழியில் ஒரு சைக்கிள்

பாயான் பாருவில் கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் மலை. நடுவில் கிடக்கும் தட்டையான நிலத்தில்தான் எங்கள் அடுக்குமாடி வீடும் சந்தையும் மாமாக் கடையும் தொழிற்சாலைகளும். 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, அங்கே வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்க எழுந்த புதுநகரம் இது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், போஷ் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவற்றில் வேலை செய்ய செபராங் பிறையிலிருந்தும் கெடாவிலிருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள். என் அப்பா அப்படி வந்தவர். அவருடைய சைக்கிள் ஒரு கறுப்பு ராலி. அதில்தான் வேலைக்குப் போனார், அதில்தான் என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். மலைப் பக்கம் மட்டும் அது திரும்பியதே இல்லை. “மேட்டுல ஏறி என்னா கிடைக்கப் போவுது?” என்பார்.

அந்தக் கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன். ஓட்டுவது என்றால் குயின்ஸ்பே கடலோரம், நெடுஞ்சாலையை ஒட்டிய சைக்கிள் பாதை, ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன். 2011 டிசம்பரில் நகரத்தில் ஞாயிறு காலையில் சில தெருக்களில் கார்களைத் தடுக்கத் தொடங்கிய பிறகு குயீன் தெரு மாரியம்மன் கோயில் வாசல் வரை நிம்மதியாக மிதித்துக்கொண்டு போய், இந்தியக் கடைவீதியில் பசியாறிவிட்டுத் திரும்பலாம். அதோடு சரி.

மலைக்கு என்னை இழுத்துப்போனவர் தொழிற்சாலையில் எனக்கு மூத்த டெக்னீஷன் ஒருவர். கோலா மூடா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு தீவுக்கு வந்தவர். நாங்கள் எல்லோரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இருந்தது இரும்புச் சட்டம் போட்ட பழைய டூரிங் சைக்கிள். பின்னால் கேரியர், இருபக்கமும் பை, அகலமான டயர். நான் வைத்திருந்த மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது ஓடுறதுக்கு நல்லாருக்கும் தம்பி. ஊர் பாக்க ஆவாது.”

ஊர் பார்க்க வேண்டுமானால் முதலில் மாற்ற வேண்டியது கியர். பின்சக்கரத்தில் 34 பல் உள்ள பெரிய வட்டு, முன்னால் சின்ன வட்டு. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் கொஞ்ச தூரம்தான் நகரும், ஆனால் எந்த மேட்டிலும் நகரும். கால் வலுவைவிட இந்தக் கணக்குத்தான் மலையேற்றத்தில் முக்கியம். அண்ணன் வைத்திருந்த அளவுகோல் இன்னும் எளிது. ஏறும்போது பக்கத்தில் வந்து ஏதாவது பேச்சுக் கொடுப்பார். மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிந்தால் கியர் சரி. முடியாவிட்டால் ஒரு பல் இறக்கு.

பாயான் பாருவிலிருந்து ரெலாவ் தாண்டினால் ஜாலான் துன் சார்டோன். 1975 முதல் 1981 வரை பினாங்கு ஆளுநராக இருந்த துன் சார்டோன் ஜூபிரின் பெயர் கொண்ட சாலை. தீவின் முதுகெலும்பைக் குறுக்கே கடந்து பாலிக் புலாவில் இறங்குகிறது. சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும் என்பதால் ஆறு மணிக்கே புறப்பட்டுவிடுவோம். அடிவாரத்தில் இருட்டு. முன்விளக்கு வெளிச்சத்தில் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பக்கம் கருங்கல் சுவர், அதில் கசியும் நீர், அடியில் ஓடும் சாக்கடைக் கால்வாய். மறுபக்கம் பள்ளத்தில் டுரியான் தோட்டங்கள். மரங்களுக்கு அடியில் தொட்டில் கட்டியதுபோல வலை விரித்திருப்பார்கள், முற்றிய பழம் விழுந்து அடிபடாமல் இருக்க. ஜூன், ஜூலையில் அந்த வளைவுகளில் வாசனையே வழிகாட்டும். அங் ஹே, ஹோர் லோர் என்று அட்டையில் எழுதிய சாலையோரக் கடைகள் திறக்கும் முன்னே நாங்கள் கடந்துவிடுவோம். நாய்கள் மட்டும் விழித்திருக்கும். சைக்கிளைவிட்டு இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், அவை குரைப்பதை நிறுத்திவிடும். இதுவும் அண்ணன் சொல்லித் தந்ததுதான்.

இந்த மலை இளகிய மலை. கருங்கல்லின்மேல் தடிமனாகப் படிந்த மண். மழை நின்று பெய்தால் சரியும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய பேய்மழையில் தீவெங்கும் மரங்களும் மண்ணும் சாலையில் வந்து கிடந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் பக்கத்திலேயே புக்கிட் குக்குஸ் சாலைக் கட்டுமானத்தில் சரிவு ஏற்பட்டு ஒன்பது பேர் இறந்தார்கள். காரில் போகிறவனுக்கு இந்தச் சரிவுகள் ஒரு தார்ப்பாய், ஒரு எச்சரிக்கைப் பலகை, அவ்வளவுதான். சைக்கிளில் மெதுவாக ஏறுகிறவனுக்கு மண்ணின் நிறம் தெரியும், வேர் தொங்குவது தெரியும், போன மாதம் இல்லாத ஊற்று இந்த மாதம் கசிவது தெரியும்.

உச்சியில் காற்று மாறும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும். வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு, திரும்பவும் அழுத்தி இறங்க வேண்டும். கீழே கெந்திங். அதற்கப்பால் பாலிக் புலாவ். இதே தீவா என்று கேட்கத் தோன்றும். நெல்வயல், வாய்க்கால், வரப்பில் கொக்கு, தென்னை, கால் வைத்து உயர்த்திய மலாய் மரவீடுகள். சுங்கை பினாங்கு, சுங்கை பூரோங் என்று சின்னச் சின்ன ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இந்தச் சமவெளியில் வளைந்து மேற்குக் கடலில் கலக்கின்றன. அவற்றின் கரைகளில் போகும் கம்போங் சாலைகள் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல ஒடுங்கியவை. மீன்பிடிப் படகுகள் கட்டிய ஆற்றுமுகம் வரை போய், பாலிக் புலாவ் ஊருக்குள் வந்து லக்சாவும் ஜாதிக்காய் ஜூஸும் சாப்பிட்டால் காலை நிறைவாகிவிடும்.

ஜாதிக்காய் இந்த மலைக்குப் பிறத்தியார் கொண்டுவந்த பயிர். கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கத் தீவுகளிலிருந்து கன்றுகளை எடுத்துவந்து பினாங்கில் நட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோட்டம் தோட்டமாகக் காய்த்துக் குலுங்கிய மரங்களை 1860 வாக்கில் நோய் அடித்துத் தீர்த்துவிட்டது. தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்த மரங்களைப் பாலிக் புலாவ் சரிவுகளில் இன்றும் பார்க்கலாம். பழம் வெடித்து, கறுப்பு ஓட்டைச் சுற்றிச் சிவப்பு ஜாதிபத்திரி தெரியும்போது எந்த அவசரக்காரனும் நின்று பார்ப்பான்.

அங்கிருந்து வடக்கே மறுபடி ஏற்றம். தீத்தி கெராவாங் அருவியைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து, தெலுக் பகாங் அணைக்கட்டின் பக்கமாக இறங்கும் சாலை. பிறகு பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா, ஜார்ஜ்டவுன் வழியாக வீடு. எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ‘தீவைச் சுத்துறது’ என்று பினாங்கு சைக்கிள்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அணைக்கரையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்த ஒரு காலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. 2024 ஜனவரியில் குழாய் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கின் பெரும்பகுதிக்குச் சில நாள் தண்ணீர் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். பாயான் பாருவில் எல்லார் வீட்டிலும் அண்டாவும் வாளியும் நிறைந்து கிடந்தன. எதிரே இவ்வளவு பெரிய நீர்த்தேக்கம். ஆயர் ஈத்தாமில் 1962-ல் கட்டியது ஒன்று, இங்கே 1999-ல் கட்டியது ஒன்று. இரண்டு அணை இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். “இது ரெண்டும் கையிருப்பு தம்பி. தெனம் நீ குடிக்கிறது எங்க ஊர் ஆத்துத் தண்ணி” என்றார்.

உண்மைதான். பினாங்கின் குடிநீருக்கு எடுக்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கெடாவின் உள்காட்டில் பிறந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாகக் கடலில் சேரும் ஆறு அது. லாஹார் தியாங்கில் நீரெடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியே தீவுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த பயணம் எங்கே என்பது அந்தக் கரையிலேயே முடிவாகிவிட்டது.

பெருநிலத்துக்குப் போகத் தீவில் இரண்டு பாலங்கள். 1985-ல் திறந்தது 13.5 கிலோமீட்டர். 2014-ல் பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்குப் போட்டது 24 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டிலும் தனித்தடம் உண்டு; மிதிக்கும் சைக்கிளுக்கு இடமில்லை. ஆகவே பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை ஓட்டிப்போய் ஃபெரி பிடித்தோம். பழைய இரட்டைத்தட்டு ஃபெரிகளில் கார்களையும் ஏற்றிக்கொண்டு போனது 2020 டிசம்பரோடு ஓய்ந்தது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே எங்கள் பைகளோடு நின்று, பட்டர்வொர்த்தில் இறங்கினோம்.

வடக்கே சாலை தட்டை. மலையேறிப் பழகியவனுக்குத் தட்டைச் சாலை சுகம் என்று நினைக்கத் தோன்றும். எதிர்காற்று வீசினால் அந்த நினைப்பு ஒரு மணி நேரம் தாங்காது. மேட்டுக்கு உச்சி உண்டு, காற்றுக்கு உச்சி கிடையாது. கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல்வயல்களுக்கு நடுவே ஆற்றுநீர் கொண்டுபோகும் வாய்க்காலின் கரையில் நிறுத்தினோம். தேநீர் நிறத்தில், அவசரமில்லாமல், சுழிகூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டிருந்தார். என் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் முந்தைய வேஷம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். அண்ணன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாய்க்காலைக் காட்டினார். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

பூம்போங் லீமாவில் மூடா ஆற்றின்மேல் மெர்டேக்கா பாலம். நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டுப் பாலம். நடுப்பாலத்தில் மாநிலம் மாறுகிறது. இந்த ஆறு ஒருகாலத்தில் போர்முனை ஆகியிருக்க வேண்டியது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, மூடாக் கரையில் ஜப்பானியரைத் தடுக்கலாம் என்று பார்த்தது, நடக்கவில்லை. 19-ஆம் தேதி ஜப்பானியர் பினாங்கில் இருந்தார்கள். அந்தப் படையின் பெருங்கூட்டம் சைக்கிளில் வந்தது என்பதைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மறக்க மாட்டார்கள். டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்களாம். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிரிப்படை மிரண்டதாம். தோட்டத்து மக்கள் அந்தச் சத்தத்துக்குப் பிறகு பார்த்தது பட்டினியும் சயாம் மரண ரயில்பாதையும்.

பாலம் தாண்டியதும் செம்பனை. அண்ணன் பிறந்த தோட்டம் வீடமைப்புத் தமானாகிவிட்டது. மாரியம்மன் கோயிலும் இரண்டு பால்மரங்களும் மிச்சம். மரத்தில் வெட்டுத் தழும்பு இருந்தது. விரலால் தடவிக் காட்டினார். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். பட்டைக்குள் கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. அவருடைய அம்மா விடியும் முன்பே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். அப்பா, பால் வாளியைச் சைக்கிளில் கட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோவார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, லயத்தைவிட்டு எங்கே போவது என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திகைத்து நின்றன. அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம், 1961-ல், இதே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க அந்தப் பத்து வெள்ளிகள் போதவில்லை. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் பஸ் ஏறி எங்கள் பக்கம் வந்தார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வரிசைகளில் நின்ற தமிழ்ப் பெண்களில் பலர் இப்படி வந்தவர்களே.

சுங்கைப் பட்டாணியில் இரவு தங்கி, மறுநாள் பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் போனோம். இங்கே நிலம் மறுபடி எழுகிறது. வலப்பக்கம் முழுக்க ஜெராய் மலை, 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகள் கரை காணும் முன்னே காணும் மலை இதுதான். அதன் அடிவாரத்தில், மெர்போக் கெச்சில் என்ற ஓடையின் கரையில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிப் பார்த்தார். 1960-ல் அலஸ்டர் லாம்ப் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார். கருங்கல் மேடைமீது சதுரமான விமானப் பகுதி, முன்னால் தூண்குழி வரிசையோடு மண்டபம். மேலே இருந்த மரமும் கூரையும் என்றோ மக்கிவிட்டன. ஓடையில் யானைபோன்ற பாறைகளுக்கிடையே நீர் சலசலக்க, பள்ளிப் பிள்ளைகள் அதில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சோழன் இராசேந்திரன் 1025-ல் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்பதைப் பள்ளியில் பரீட்சைக்காகப் படித்ததுண்டு. அந்தக் கடாரத்துக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தவனுக்கு வேறொன்று புரிந்தது. படை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர்கள் இங்கே வந்தது ஏன் என்பது. ஆழமான மெர்போக் ஆறு, கப்பலுக்கு ஒதுங்கிடம்; மலை, அடையாளம்; ஓடை, நன்னீர். பக்கத்துச் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சங்களும் ஊதுகுழாய்களும் குவியலாகக் கிடைத்தன. இத்தனை இருந்தும் 2013-ல் இந்த மெர்போக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் கோயில் மேட்டை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வந்து கூச்சல் எழுந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரிந்தது.

தண்ணீரின் கதையும் அப்படித்தான் போகிறது. மூடா ஆற்று நீருக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி வெள்ளி தர வேண்டும் என்று கெடா கேட்கிறது. ஆறு பொதுவானது, தர வேண்டியதில்லை என்கிறது பினாங்கு. பத்திரிகையில் வாதம் நடக்கிறது. ஆனால் ஆறு உற்பத்தியாகும் உலு மூடா காட்டில் மரம் விழுந்தால் வாதத்தில் யார் ஜெயித்தாலும் வாய்க்காலில் நீர் இருக்காது. பணத்தைவிட முதலில் பேச வேண்டியது அந்தக் காட்டைப் பற்றி.

மேட்டில் ஏறி என்ன கிடைக்கும் என்ற அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். எங்கள் தீவு தன் காலில் நிற்கும் தீவு அல்ல. குடிக்கும் தண்ணீரும், தொழிற்சாலையை ஓட்டிய கைகளும், பேசும் தமிழின் பாதியும் மூடாப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. பாலத்தில் பதினைந்து நிமிடத்தில் கடப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

பினாங்கில் இருக்கும் வாசகர்கள் ஒருமுறையாவது இந்தப் பாதையில் போய்வாருங்கள். துன் சார்டோன் ஏற்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் மெர்போக். சின்னக் கியர், அகலமான டயர், முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை, தவிர்த்துவிடுங்கள். வயது ஒரு தடையே இல்லை. அண்ணனுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது, மேட்டில் இன்றும் அவர்தான் எனக்குப் பேச்சுக் கொடுக்கிறார்.